நான் ரகசியமாய் வளர்த்த கணுக்கால்

என் வலது காலை யார் சொல்லியும் அசைப்பதில்லை என்று நான் தீர்மானம் செய்தது 1934-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் ஆறாம் தேதி, காலை பத்து மணி பன்னிரண்டு நிமிஷத்துக்கு.

நிமிஷம் வரைக்கும் சொல்கிறேனே என்று ஆச்சரியப்பட வேண்டாம். நான் ரயில்வே கார்டு. பக்கிரிசாமி என்றால் கோலாலம்பூர் யார்டில் எஞ்சினுக்குக்கூடத் தெரியும். நான் விசில் ஊதிப் பச்சைக் கொடியை அசைக்காமல் என் கூட்ஸ் வண்டி ஓர் அங்குலம் நகர்ந்தது கிடையாது. ஊரையே நகர்த்துகிறவன் நான். என்னை நகரச் சொல்ல இன்னொருத்தன் யார்?

கால் உடைந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பெருமைப்படும்படி அதில் ஒன்றும் இல்லை. பதினெட்டு வருஷமாக ஓடுகிற வண்டியில் ஏறி, நிற்பதற்கு முன்பே இறங்கிப் பழகியவன் நான். வடக்கே பிறை ஸ்டேஷன், தெற்கே கெமாஸ் ஸ்டேஷன், எங்கேயும் ஒரு கீறல் பட்டதில்லை. அப்படிப்பட்டவன் பிரிக்ஃபீல்ட்ஸில், என் வீட்டு வாசலிலேயே, ரிக்‌ஷாவிலிருந்து விழுந்தேன். வண்டி நிற்கும் வரை உட்கார்ந்திருந்தால் அவன் கார்டு இல்லை, பிரயாணி. நான் பழக்க தோஷத்தில் வலப்பக்கம் இறங்கினேன். ரிக்‌ஷாக்காரர் இடப்பக்கம் திருப்பினார். கணுக்கால் யார் பேச்சைக் கேட்பது என்று தெரியாமல் நடுவில் முறிந்தது.

ஆறு வாரம் மாவுக்கட்டு. ஆகஸ்டு ஆறாம் தேதி அதைப் பிரித்தவர் டிரெஸ்ஸர் சபாபதி. ஆஸ்பத்திரியில் கட்டுப் போடுவது, மருந்து கலப்பது எல்லாம் அவர்தான். முப்பது வயசுகூட இருக்காது.

"அண்ணே, எலும்பு கூடியிருச்சு. ஆனா கணு இறுகிப் போயிருக்கு. தினமும் வீட்டுல அப்பியாசம் செய்யணும். குதிகாலைத் தூக்கி நுனிக்கால்ல நிக்கணும், இருபது தடவை. படி ஏறி இறங்கணும், இருபது தடவை. குந்தி எழுந்திரிக்கணும், இருபது தடவை."

"செய்யலேன்னா?"

"ஆறு வாரம் கழிச்சுப் பெரிய டாக்டர் பார்ப்பாரு. நகர்ற வண்டியில ஏறி இறங்கிக் காட்டணும். முடியலேன்னா கார்டு வேலைக்கு லாயக்கில்லைன்னு எழுதிடுவாரு."

"தம்பி, வண்டிக் கடைசியில ஆடுற பிரேக் வான்ல பதினெட்டு வருஷம் நின்ன கால் இது. இதுக்கு நீங்க பாடம் சொல்லிக் குடுக்கிறீங்களா?"

"நான் சொல்லலைண்ணே. வைத்திய சாஸ்திரம் சொல்லுது."

"சாஸ்திரம் எந்த டிவிஷன்ல வேலை பார்க்குது?"

தீர்மானம் நிறைவேறியது அப்போதுதான். கால் என்னுடையது. அது தானாகச் சரியாகும். சரியாகாவிட்டால் அதுவும் அதன் இஷ்டம், டிரெஸ்ஸர் இஷ்டம் கிடையாது. என் மனைவி பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் பெயர் புஷ்பவல்லி. பெயரில் பூவும் கொடியும் இருக்கின்றன. ஆளிடம் தேடிப் பார்த்தவன் நான் ஒருவன்தான்.

வீட்டுக்கு வந்ததும் ஆரம்பித்தாள்.

"ஏங்க, கொஞ்சம் எழுந்து குதிகாலைத் தூக்குங்களேன்."

"மாட்டேன்."

"அஞ்சே அஞ்சு தடவை."

"அரைத் தடவைகூட மாட்டேன்."

"வேலை போயிடும்லா."

"போகட்டும். சபாபதி சொல்லித் தூக்கின கால்னு நாளைக்கு யாரும் சொல்லக் கூடாது."

நாலு நாள் கெஞ்சினாள். நாலு நாளும் நான் அசையவில்லை. எனக்கே என்னை நினைத்துப் பெருமையாக இருந்தது.

அதற்காக வீட்டில் சும்மா கிடந்தேன் என்று நினைக்காதீர்கள். சும்மா இருப்பது என் ரத்தத்தில் இல்லை. பிரம்பு நாற்காலியை அடுக்களை வாசலில் போடச் சொன்னேன். காலை மணைமேல் நீட்டிக்கொண்டேன். கடிகாரத்தை வலது கையிலும், கார்டு வண்டி நேரம் குறிக்கும் ஜர்னலை இடது கையிலும் எடுத்துக்கொண்டேன். இத்தனை வருஷமாக இந்த அடுக்களை எந்த மேற்பார்வையும் இல்லாமல் நடந்து வந்திருக்கிறது. வாரத்தில் மூன்று நாலு நாள் நான் வண்டியில் போய்விடுவதால் கவனிக்கவில்லை. இப்போது கவனித்தேன்.

ஜர்னலில் இருந்து சில வரிகள்: 'காப்பி. வர வேண்டிய நேரம் 6.10. வந்த நேரம் 6.17. ஏழு நிமிஷம் தாமதம். காரணம்: பக்கத்து வீட்டு இராஜம்மாவுடன் வேலியோரப் பேச்சு.' 'சாதம். இருபது நிமிஷம் தாமதம். காரணம்: விறகு ஈரம்.' 'தோசை. கல்லிலேயே தடம் புரண்டது. சேதம் இரண்டு.'

"புஷ்பா, ரசம் பொங்கி ரெண்டு நிமிஷம் ஆச்சு."

"தெரியுதுங்க."

"இறக்கலையே?"

"இறக்கறேங்க."

"இப்ப மூணு நிமிஷம்."

அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அதை நான் மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் அது நடந்தது. வெள்ளிக்கிழமை. கோயிலுக்குப் போய்த் திரும்பியவள் நெற்றி நிறையக் குங்குமமும் முகம் நிறையச் சிரிப்புமாக என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏங்க, நான் யோசிச்சுப் பார்த்தேன். நீங்க சொல்றதுதான் சரி."

இந்தச் சொற்களைக் கல்யாணமான இருபத்திரண்டு வருஷத்தில் நான் கேட்டதே இல்லை. காது சரியாக இருக்கிறதா என்று ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

"எது சரி?"

"காலை அசைக்காம இருக்கிறது. இனிமே அசைக்கவே கூடாது. உங்க வயசுக்கு இனிமே அந்தக் கால் தேறாது."

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? பார்த்தாலே தெரியுதே. அதுவும் நல்லதுக்குத்தான். கிள்ளான் சம்பந்தி சொல்லி அனுப்பியிருக்காரு. சாமான் கிடங்குல ஒரு நாற்காலி வேலை காலியாகுதாம். மூட்டையை எண்ணணும், அவ்வளவுதான். எட்டரைக்குப் போனா அஞ்சரைக்கு வீட்டுல இருக்கலாம்."

"தினமுமா?"

"தினமும்ங்க. ஞாயித்துக்கிழமை முழு நாளும். வெளியூர், வெளித்தூக்கம் ஒண்ணும் கிடையாது. எனக்கு வேற என்ன வேணும்?"

சம்பந்தி என்றால் எங்கள் மகளைக் கட்டிக்கொண்ட மாப்பிள்ளையின் அப்பா. நல்ல மனிதர். ஆனால் அன்று அவரை நான் மனசுக்குள் திட்டியதை இங்கே எழுத முடியாது. நாற்காலியா? மூட்டையா? கடைசிப் பெட்டியில் நின்றுகொண்டு, மலாயா முழுவதும் எனக்குப் பின்னால் ஓடி மறைவதைப் பார்த்தவன் நான். என்னை நாலு சுவருக்குள் வைத்து அரிசி மூட்டையை எண்ணச் சொல்கிறாள். என் வேலை எனக்கு உயிர். அதை அவளிடம் சொல்லவில்லை, சொன்னால் சிரிப்பாள். அந்த நிமிஷமே இரண்டாவது தீர்மானம் செய்தேன். இவள் சொல்லிவிட்டாள் என்பதற்காகவே இந்தக் கால் தேறும். ஆறு வாரம் கழித்து நகர்கிற வண்டியில் ஏறிக் காட்டுவேன். அதுவரை இவளுக்கு ஒரு வார்த்தை தெரியக் கூடாது.

மறுநாள் அவள் காய்கறி வாங்கப் பாசாருக்குக் கிளம்பும்போது என் பொடி டப்பியை எடுத்து அலமாரியின் உச்சியில் வைத்தாள்.

"அதை ஏன் அங்க வைக்கிறே?"

"தும்மினா கால் அதிருதுங்க. உங்களுக்குத்தான் எட்டாதே, அதான் அங்க வச்சேன்."

எட்டாதாம். அவள் தெருமுனை திரும்பியதும் எழுந்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு அலமாரியின் முன்னால் போய் நின்றேன். குதிகாலைத் தூக்க வேண்டும். தூக்க நினைக்கிறேன், கால் கிளம்பவில்லை. வலி இல்லை, பயமும் இல்லை, ஆனால் கிளம்பவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் கோளாறு புரிந்தது. விசில் ஊதவில்லை. பதினெட்டு வருஷமாக விசில் ஊதாமல் எதுவும் புறப்பட்டதில்லையே, இது மட்டும் எப்படிப் புறப்படும்? விசிலைத் துண்டில் சுற்றி, சத்தம் வெளியே போகாமல் மெல்ல ஊதினேன். கால் கிளம்பியது. நம்பினால் நம்புங்கள்.

பதினோரு தடவை எம்பிய பிறகு டப்பி கைக்கு வந்தது. ஒரு சிட்டிகை எடுத்துக்கொண்டு, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, நாற்காலியில் வந்து உட்கார்ந்தேன். அவள் திரும்பி வந்தபோது நான் பச்சைக் குழந்தை போல் தூங்கிக்கொண்டிருந்தேன்.

அதிலிருந்து தினமும் பத்து மணிக்கு அவள் பாசாருக்குப் போவாள். தினமும் பத்து மணி இரண்டு நிமிஷத்துக்கு நான் விசில் ஊதுவேன். ஒரே ஒரு தொல்லை. டப்பி நாளுக்கு நாள் கொஞ்சம் உள்ளே போய்க்கொண்டிருந்தது. எலி தள்ளுகிறது என்று நினைத்துக்கொண்டேன். எம்புகிற எண்ணிக்கை பதினைந்தாகி, இருபதைத் தாண்டியது.

"பத்து மணியானா எங்கியோ சுவர்க்கோழி கத்துதுங்க" என்றாள் ஒருநாள்.

"மழைக்காலம். கத்தும்" என்றேன்.

"பகல்லயுமா?"

"பிரிக்ஃபீல்ட்ஸ் சுவர்க்கோழி அப்படித்தான்."

இரண்டாம் வாரம் அடுத்த தடை வந்தது. எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸில் கொல்லைப்புறம் ஆறு படி உண்டு, வெள்ளம் வந்தால் வீட்டுக்குள் வராமல் இருக்கக் கட்டியது. கடைசிப் படியில் முறத்தை வைத்து மிளகாய் வற்றல் காயப் போட்டாள்.

"இந்தப் படிப் பக்கம் வராதீங்க. உங்களால இறங்க முடியாது. இறங்கினாலும் முறத்தைத் தாண்ட முடியாது. வற்றலைக் கொட்டிட்டீங்கன்னா நான் மனுஷியா இருக்க மாட்டேன்."

முடியாது, முடியாது, முடியாது. ஒரே மூச்சில் இரண்டு முடியாது சொன்னாள், என் காதில் மூன்றாக விழுந்தது. அவள் தலை மறைந்ததும் விசில் ஊதிப் புறப்பட்டேன். ஆறு படி இறங்கி, முறத்தை ஒரு எட்டில் தாண்டி, திரும்பி, மறுபடி ஒரு எட்டில் தாண்டி, ஆறு படி ஏறி. ஒரு வற்றல்கூட நகரவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் இராஜம்மா துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். ஒரே சேலையை அரைமணி நேரமாக உலர்த்துகிறாளே என்று பட்டது. ஊர்ப் பெண்களின் மந்தத்தைப் பற்றி ஜர்னலில் ஒரு வரி எழுதி வைத்தேன்.

மூன்றாம் வாரம்தான் சோதனை. நாலு நாள் விடாத மழை. கணுக்கால் வீங்கி, உள்ளே யாரோ திருகுவது போல் வலித்தது. படியில் கால் வைத்தால் கண்ணில் நீர் வந்தது. விசில் ஊதினாலும் கிளம்பவில்லை. ஒரு நாள், இரண்டு நாள், மூன்று நாள். நாலாம் நாள் படுத்துக்கொண்டே யோசித்தேன். மூட்டை எண்ணுவதும் ஒரு வேலைதானே. எண்ணிவிட்டுப் போகிறேன். யாருக்காக இந்தப் பாடு? உள்ளதைச் சொல்கிறேன், அன்று நான் விட்டுவிட்டேன்.

அன்று மத்தியானம் புஷ்பவல்லி என் கார்டு கோட்டு, தொப்பி எல்லாவற்றையும் மடித்துத் தகரப் பெட்டியில் வைத்துக் கட்டிலுக்கு அடியில் சுவரோரம் தள்ளினாள்.

"எதுக்கு?"

"இனிமே எதுக்குங்க அது? இராஜம்மா வீட்டுக்காரர் கன்னையாவோட மச்சான் ஒருத்தருக்குக் குளிருக்குக் கோட்டு வேணுமாம். மலைத் தோட்டத்துல வேலை. நாளைக்கோ மறுநாளோ குடுத்துடலாம்னு இருக்கேன்."

அவள் அடுத்த வீட்டுக்குப் போனதும் கட்டிலைப் பிடித்துக்கொண்டு குந்தினேன். பல்லைக் கடித்துக்கொண்டு குந்தினேன். பெட்டியை இழுத்துத் திறந்தேன். கோட்டில் எஞ்சின் கரி வாசனை அப்படியே இருந்தது. பித்தளைப் பொத்தானைக் கட்டைவிரலால் துடைத்தேன். மலைத் தோட்டத்தில் எவனோ ஒருத்தன் இதைப் போட்டுக்கொண்டு தேயிலைக்கு நடுவில் நிற்பதா? அதற்கு நான் உயிரோடு இருக்க வேண்டாம். பெட்டியை மூடி, விசிலை எடுத்து, துண்டில்கூடச் சுற்றாமல் ஊதினேன்.

அதிலிருந்து தினமும் கோட்டு இருக்கிறதா என்று குந்திப் பார்ப்பேன். காலையில் பார்ப்பேன், மத்தியானம் பார்ப்பேன், அவள் வாசல் பக்கம் போனால் இன்னொரு தடவை பார்ப்பேன். அவளும் 'நாளைக்குக் குடுத்துடறேன், மறுநாள் குடுத்துடறேன்' என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். கொடுத்தபாடில்லை. சோம்பேறி, நல்லவேளை என்று நினைத்தேன். அவள் வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போய்வந்தாள். எனக்கு நாற்காலி வேலை கிடைக்க வேண்டிக்கொள்கிறாள் என்று தெரியும். வேண்டிக்கொள்ளட்டும். சாமிக்கும் எனக்கும் ஒரு கை பார்த்துவிடலாம்.

செப்டம்பர் பதினெட்டாம் தேதி. யார்டில் ஒரு பிரேக் வானை எஞ்சின் மெல்ல இழுத்தது. பெரிய டாக்டர், வெள்ளைக்காரர், கையில் காகிதத்தோடு நின்றார். பக்கத்தில் சபாபதி. நான் கூடவே நாலு எட்டு ஓடினேன். கம்பியைப் பிடித்தேன். வலது காலைப் படியில் வைத்து ஏறினேன். ஐம்பது கஜம் போனேன். நிற்பதற்கு முன்பே இறங்கினேன். ஜல்லியில் கால் பிசகவில்லை. டாக்டர் இன்னொரு தடவை செய்யச் சொன்னார். மூன்று தடவை செய்து காட்டினேன்.

டாக்டர் தலையை ஆட்டிவிட்டு, இந்த வயசில் இவ்வளவு நன்றாகத் தேறிய கணுவைத் தாம் அதிகம் பார்த்ததில்லை என்றார். யார் பயிற்சி கொடுத்தது என்று கேட்டார்.

"யாரும் இல்லை. நானே. வீட்டுக்குத் தெரியாமல்" என்றேன் நெஞ்சை நிமிர்த்தி.

சபாபதி சிரிப்பை அடக்க இருமினார். டாக்டர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போன பிறகு என்னைத் தனியே அழைத்தார்.

"அண்ணே, வீட்டுக்குத் தெரியாமலா? உங்க வீட்டம்மா வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிக்கு வந்து ஒப்பிச்சுட்டுப் போவாங்களே."

"என்னத்தை ஒப்பிச்சா?"

"எல்லாத்தையும்தான். பத்து மணிக்கு விசில் சத்தம் கேட்டா இராஜம்மாக்கா வேலியோரம் நின்னு படி எண்ணுவாங்களாம். பொடி டப்பியை ஒரு விரல் உள்ள தள்ளலாமான்னு உங்க வீட்டம்மா என்னைத்தான் கேட்டாங்க. ரெண்டு விரல் தள்ளுங்கன்னேன். படிக்கு வற்றல் வச்சது அவங்க யோசனை. மழை வாரத்துல நீங்க படுத்துட்டீங்கன்னு அழுதுகிட்டே வந்தாங்க. குந்த வைக்க ஏதாச்சும் வழி பண்ணுங்கன்னு மட்டும்தான் நான் சொன்னேன். என்ன பண்ணாங்க?"

கோட்டு என்று சொல்ல நாக்கு வரவில்லை.

யார்டிலிருந்து வீடு வரை நடந்தே போனேன். வழி நெடுக வசனம் தயார் செய்தேன். பதினெட்டு வருஷ கார்டை ஏமாற்றுவதா? இனி இந்த வீட்டில் ஒரு வார்த்தை பேச மாட்டேன் என்று முதல் வசனம். அதற்கப்புறம் பேச வேண்டிய வசனங்கள் ஒன்பது.

வீட்டில் என் கோட்டு இஸ்திரி போட்டுக் கொடியில் தொங்கிக்கொண்டிருந்தது. பொத்தான்கள் புளி போட்டுத் தேய்த்துப் பளபளத்தன. டிபன் கேரியர் கழுவிக் கவிழ்த்திருந்தது.

"டாக்டர் என்ன சொன்னாருங்க?" என்றாள்.

"பாஸ்."

விடுவிடென்று சாமி படத்துக்கு முன்னால் போய்க் கற்பூரம் ஏற்றினாள். திரும்பியபோது கண் கலங்கியிருந்தது. என் ஒன்பது வசனமும் அங்கேயே கரைந்துவிட்டன.

"சபாபதி எல்லாம் சொல்லிட்டார்" என்றேன்.

"சொல்லிட்டாரா."

"என்கிட்ட நேரா சொன்னா செய்ய மாட்டேனா?"

"நாலு நாள் சொன்னேனே."

"அது சரி. அந்த நாற்காலி வேலை?"

"அப்படி ஒரு வேலையே கிடையாதுங்க. சம்பந்திக்கு உங்க கால் உடைஞ்சதே போன வாரம்தான் தெரியும்."

எனக்கு நெஞ்சு இளகிவிட்டது. இருபத்திரண்டு வருஷம் இவளைச் சரியாகப் புரிந்துகொள்ளாமலே குடித்தனம் நடத்தியிருக்கிறேன். அவள் பக்கத்தில் போய் நின்றேன்.

"புஷ்பா, கார்டு வேலைன்னா எனக்கு உயிருன்னு தெரிஞ்சுதானே இவ்வளவு பாடுபட்டே?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "டூட்டி எப்ப?" என்றாள்.

"வர்ற திங்கட்கிழமை. கெமாஸ் கூட்ஸ். போனா மூணு நாள் கழிச்சுத்தான் வீடு."

மூணு நாள் என்றதும் அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. உடனே அணைந்தும் போனது.

"திங்கட்கிழமைதானா? இன்னைக்கே ஏறச் சொல்லலையாங்க?"